உறவு என்ற கட்டம்

…எடுத்திருப்பார், கண்டிப்பாக எடுத்திருப்பார், அடிக்கிற போனைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளா கௌஸ் பாய், இரண்டாம் தடவை அடித்தாலே கை தானாகப் பெட்டிக்குள் போய்விடும், ஹலோ யாருங்க, அவர் டூட்டியில இருக்காரு, நீங்க அவருக்கு என்ன வேணும்… அதுதான், அந்தக் கடைசிக் கேள்விதான். சரவணகுமார் எண்ணெய்த் தொட்டியின் உச்சி மேடையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பி கையுறையைத் தாண்டிச் சுட்டது. இந்த வேலையில் இந்நேரம் மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை. தொட்டியில் எண்ணெய் ஏற்றி முடித்து இப்போதுதான் வால்வை மூடியிருக்கிறார்கள், குழாயில் உரசி ஓடிவந்த எண்ணெய்க்குள் மின்சாரம் தங்கியிருக்கும், அது அடங்க அரை மணி நேரம் ஆகும், அதுவரை அளவு நாடாவை உள்ளே இறக்கக் கூடாது என்பது சட்டம். மற்றவர்கள் கீழே குழாய் நிழலில் கால் நீட்டியிருந்தார்கள். இவன் மட்டும் புத்தி கெட்டவன் போல மே மாத வெயிலில் மேலே ஏறி வந்தான், எதற்கு, இங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும், கேட்டுக்குப் பக்கத்தில் கௌஸ் பாயின் கேபின் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அது தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பாய் அதற்குள் யாரோடு பேசுகிறார் என்று இந்த அரபு நாட்டுப் புஜைரா கடல் வந்து சொல்லப் போகிறதா?

டெர்மினலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, ஒரு பொறி போதும் எல்லாரையும் பொட்டலம் கட்ட. கேட்டில் மரப்பெட்டி, ஆளுக்கொரு அறை, போனை வைத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போன வருஷம் வரை பெட்டிக்குள் போன் எத்தனை தடவை அடித்தாலும் யாரும் தொட மாட்டார்கள். பிறகு கூட வேலை பார்க்கிற உடையப்பனின் அப்பா ஊரில் இறந்துபோனார். போன் பதினேழு தடவை அடித்து ஓய்ந்திருக்கிறது, டூட்டி முடிந்து வந்து பார்த்த உடையப்பன் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான், அன்றைய ஃபிளைட்டும் போய்விட்டது. மறுநாள் எல்லாரும் சேர்ந்து கௌஸ் பாயிடம் சொன்னார்கள், பாய், நீங்க எடுத்துடுங்க. வாணியம்பாடிக்காரர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர், ஒரு நோட்டு வாங்கி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். நேரம், யாருக்கு, யார், உறவு, அவசரமா இல்லையா. உறவைக் கேட்டு எழுதாமல் போனை வைக்க மாட்டார். அம்மாவா, சம்சாரமா, மச்சானா, அதை வைத்துத்தான் உள்ளே ஆள் அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். நல்ல ஏற்பாடு. பாய் எடுக்கட்டும் என்று முதலில் கை தூக்கியவர்களில் சரவணகுமாரும் ஒருவன், நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இன்றைக்குக் கூப்பிடப் போகிற அருள்ராஜிடம் போய் உறவு என்ன என்று கேட்டால்… அவன் சொல்லிவிடுவான். அவனுக்குப் பொய் வராது. வராது என்றால் நாக்கு புரளாது என்று இல்லை, வைராக்கியம். நம்மளை நாமே ஒளிச்சு வச்சா அவங்க எதுக்குடா தனியா ஒளிக்கணும், என்பான். திருச்சியில் வீடு வாடகைக்குக் கேட்கப் போன இடத்தில் கூட, நாங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் இல்லைங்க, விரும்புறோம் என்று சொல்லி, வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திய பிறகு படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தவன். இப்போது கௌஸ் பாயிடமும் அதையே சொன்னால்? பாய் அதை எழுதுவாரா, அந்தக் கட்டத்துக்குள் அந்த வார்த்தை கொள்ளுமா? எழுதினாலும் எழுதாவிட்டாலும் மாலைக்குள் இவர்கள் தங்கியிருக்கிற கேம்ப் முழுக்கத் தெரிந்துவிடும். கேம்பில் இரண்டாவது மாடியில் இருந்த அந்தப் பையனை நினைத்துக்கொண்டான், பேர் கூட மறந்துவிட்டது, ஒரே நாளில் விசா கேன்சல், பெட்டியைக் கூட இன்னொருவர் கட்டிக்கொடுத்தார். என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது போலச் சிரித்தார்கள், இவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பயம், வேறொன்றும் இல்லை, அவனுக்குப் பயமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் வந்த வாய்ஸ் மெசேஜ். ஏழு வருஷம் கழித்து அந்தக் குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது. சரவணா, நான்தான். வக்கீல் நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சாட்சிப் பட்டியல் குடுத்தாகணுங்கறாரு. உன் பேரைப் போடட்டுமா வேணாமா, அது மட்டும் சொல்லு. மத்தியானம் கூப்பிடுறேன். அவ்வளவுதான். எப்படி இருக்கே கூட இல்லை. அங்கே ஐந்து என்றால் இங்கே மூன்றரை. டூட்டி முடிவது மூன்று. இரவு முழுக்கப் பதில் போடவில்லை, காலையில் போடலாம் என்று நினைத்து, காலையில் கேட்டில் எல்லாரும் கடைசி நிமிடம் வரை ஊருக்குப் பேசிக்கொண்டிருக்க இவன் முதல் ஆளாகப் போய்ப் போனைப் பெட்டியில் போட்டான். மறதியா? சும்மா சொல்லக் கூடாது, மறதி இல்லை.

எல்லாம் தொடங்கியது கல்லூரியில் முகிலனுக்காக நடந்த அந்தப் போராட்டத்தில்தான். ஹாஸ்டலில் அடுத்த அறைப் பையன், முதலாமாண்டு, எப்போதும் ஈரத் தலையோடு வகுப்புக்கு வருவான். அவனுடைய கடிதம் ஒன்று வார்டன் கையில் கிடைத்தது, இன்னொரு பையனுக்கு எழுதியது, மெஸ்ஸில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வார்டன் அதைச் சத்தமாகப் படித்தார். மூன்றாம் நாள் முகிலன் உயிரோடு இல்லை. ஐந்நூறு பேர் கல்லூரி வாசலில் உட்கார்ந்தார்கள், பதினோரு நாள், வார்டனை விசாரி என்று. அருள்ராஜ் ஹாஸ்டல் பெட்ஷீட்டை விரித்து வானவில் நிறங்களைப் பூசிக் கொடியாக்கினான், ஊதா மட்டும் கிடைக்கவில்லை, முதலுதவிப் பெட்டியிலிருந்து புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை எடுத்து இருவருமாக விரலாலேயே தடவினார்கள். அந்த மருந்து லேசில் போகுமா, நகக்கண்ணெல்லாம் ஊதா. ஏழாம் நாள் வெயிலில் தொண்டை கட்டிப்போய் அருள்ராஜ் இவன் மடியில் தலை வைத்துப் படுத்தான், ஐந்நூறு பேருக்கு நடுவில். இவன் ஈரத் துண்டை அவன் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டான். எல்லாரும் பார்த்தார்கள். ஒன்றும் இடிந்து விழவில்லை. யாரோ ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், அவ்வளவுதான். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அவன் சந்தோஷமாக இருந்தான் என்றால் அது அன்றைக்குத்தான், கொடிக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கும்போது சந்தோஷமாக இருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. ஊதா விரல்காரர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இவன் எலுமிச்சம்பழமும் துணி வெளுக்கிற பவுடரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தோல் உரிந்த விரலோடு உள்ளே போனான். அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து உட்கார வைத்திருந்தார்கள், பூவாயி, பாவம், எதற்குக் கூப்பிட்டார்கள் என்றே தெரியாமல் பிரின்சிபாலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். டைப் செய்த காகிதம் தயாராக இருந்தது. அருள்ராஜ் என்பவர் என்னுடன் படித்தவர் மட்டுமே, அவருடன் எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை, அவர் மிரட்டியதால்தான் போராட்டத்தில் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டான். ஒரு மணி நேரத்துக்குள் இவனுக்கு ஹால் டிக்கெட், அருள்ராஜுக்கு டிஸ்மிஸ். அதை எதிர்த்து அருள்ராஜ் போட்ட கேஸில் அந்த ஒரு காகிதத்தை வைத்துத்தான் கல்லூரி இன்றைக்கும் நிற்கிறது. மிரட்டினான் என்று சொன்னவனே வந்து இல்லை என்று சொன்னால் கேஸ் முடிந்தது, அருள்ராஜுக்குப் பட்டம் கிடைக்கும், வார்டன் பேரும் வெளியே வரும். சொன்னால், துபாயில் இந்தியக் கான்சலேட்டுக்குப் போய் வாக்குமூலத்துக்கு அத்தாட்சி வாங்க வேண்டும், யாராவது பார்ப்பார்கள், படிப்பார்கள், கம்பெனிக்குத் தெரியும். அம்மா தை மாதத்துக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறாள். இந்த ஊரில் இதற்கு ஜெயிலே உண்டு. எல்லாம் சரிதான், எல்லாம் நியாயமான காரணம்தான், அன்றைக்கும் எல்லாம் நியாயமான காரணமாகத்தான் இருந்தது…

கீழேயிருந்து யாரோ கத்தினார்கள், டைம் ஹோ கயா. அரை மணி ஆகிவிட்டது. சரவணகுமார் மூடியைத் திறந்து, நாடாவை இறக்கி, எண்ணெய் தொட்ட இடத்தைப் படித்துச் சொன்னான். பிறகு படி, பிறகு கையெழுத்து, பிறகு கேட்டுக்குப் போகிற அந்த நீளமான ரோடு. எத்தனை மெதுவாக நடந்தாலும் கேட் வந்துதான் தீரும். கௌஸ் பாய் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நோட்டைத் திருப்பினார். இவன் டோக்கனை நீட்டியபடி அவர் முகத்தையே பார்த்தான், அதில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று.

"தம்பி, உனக்கு ஊர்லேர்ந்து கால். மூணு தடவ வந்துச்சு, மூணாந்தடவ எடுத்தேன். அருள்ராஜாம்."

"என்ன பாய் சொன்னான்?"

"அவசரமில்லன்னாரு. உறவு என்னான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, லைன் கட்டாயிருச்சோன்னு காதுலேர்ந்து எடுத்துப் பாத்தேன், ஓடிட்டுத்தான் இருக்குது. அப்புறம் சொன்னாரு, கூடப் படிச்சவன் மட்டும்தாங்க, அவ்வளவா பழக்கம் இல்லைன்னு." பாய் நோட்டைத் திருப்பிக் காட்டினார், அந்தக் கட்டத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தது, கூட படிச்சவர். "பழக்கமில்லாத ஆளு மூணு தடவ கூப்பிடுவாரா? நான் கேக்கல. நல்லாருக்கானான்னு கேட்டாரு, நல்லாருக்கான்னேன். ஹலாஸ், அவ்வளவுதான்."

முதலில் வந்தது நிம்மதிதான். பாயைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடிந்தது. போனை வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைத்த பிறகுதான் அந்த வார்த்தைகள் யாருடையவை என்பது உறைத்தது. கூடப் படித்தவர் மட்டுமே, அவ்வளவாகப் பழக்கம் இல்லை… கேஸ் காகிதங்களில் ஏழு வருஷமாக அதைப் படித்துப் படித்து அவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். திருப்பி முகத்தில் அடித்தானா, இல்லை, இந்த ஊரில் தன் பேரால் இவனுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று, வாழ்நாளில் சொல்லாத பொய்யை முதல் தடவையாகச் சொன்னானா? போனில் மணி மூன்று ஏழு. மூன்றரைக்கு இன்னும் இருபத்து மூன்று நிமிடம் இருக்கிறது. கேம்ப் பஸ் ஹாரன் அடித்தது, யல்லா யல்லா என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சரவணகுமார் அருள்ராஜின் பேரைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றான். அந்தப் பொய்யைச் சொல்வதற்கு முன்னால் அருள்ராஜ் பேசாமல் இருந்திருக்கிறான், பாய் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிற அளவுக்கு. பிரின்சிபால் அறையில் பேனாவை நீட்டியபோது இவன் அவ்வளவு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.