தூங்குகிறவர்கள் வீட்டில் ஒரு குரல்

பண்டமாரானில் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அப்பா சபாபதிக்குத் துறைமுகத்தில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். அம்மா புஷ்பவல்லிக்கு ஷா ஆலம் ஃபேக்டரியில் வாரத்துக்கு வாரம் மாறுகிற ஷிப்ட். மகள் சந்திரகலா வாளிக்குள் துணியைப் போட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள். தண்ணீர் விழுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாதாம்.

"ஒங்க மக இருக்கிற இடமே தெரியலியே, புஷ்பம்!" என்று பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் மெச்சினால் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பெண்பிள்ளையின் வாயை அடைத்து வைப்பதற்குப் பெயர் வளர்ப்பு!

வீட்டில் அடைத்த வாய் பள்ளிக்கூடத்தில் மட்டும் திறக்குமா? மூன்றாம் படிவத்தில் மார்க்கிரட் டீச்சர் கேள்வி கேட்டால் அவளுக்குப் பதில் தெரியும். உதடு அசையும், சத்தம் வராது. இப்படி நின்று நின்று அவளுக்கே சலித்துப்போய், ஜன்னலைப் பார்த்து உட்கார ஆரம்பித்திருந்தாள்.

"வீட்டுல யாரும் பேச மாட்டாங்களா?" என்றார் டீச்சர்.

"தூங்குவாங்க, டீச்சர்."

அதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பே சிரித்தது.

"திங்கட்கிழமை மலாய்ப் பாடத்தை எழுந்து நின்னு வாசிக்கிற. கடைசி வரிசைக்குக் கேட்கணும். இல்லன்னா உன்னைக் கடைசி வகுப்புக்கு மாத்தச் சொல்லிடுவேன்."

மார்க் குறைந்தவர்களை ஒதுக்கி வைக்கிற கடைசி வகுப்பில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அங்கிருந்து நேராக ஃபேக்டரி பஸ்தான். அம்மா ஏறுகிற அதே பஸ்.

சத்தமாக வாசித்துப் பழக வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவிடம் சொன்னாள்.

"மனசுக்குள்ள படி," அம்மா கிசுகிசுத்தாள். "அப்பா இப்பதான் படுத்தாரு. கிரேன் வேலை லா, தூக்கம் கெட்டா ஆபத்து."

"சனி ராத்திரியும் ஓவர்டைமா?"

"டபுள் சம்பளம். விடுவாரா?"

வாரம் முழுவதையும் கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று. பிள்ளையின் குரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? சந்திரகலா ஹாலின் நடுவே நின்று வாசித்தாள். முதல் வரியில் காற்றுத்தான் வந்தது. இரண்டாவது வரி கீச்சிட்டது. மூன்றாவது வரி தகரக் கூரையில் போய் மோதியது.

பவுனம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "புஷ்பம், ரேடியோவா அது?"

"எங்க கலாதான்க்கா!"

சபாபதி கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "என்னா இது, பாசாரா? சந்தக்கட மாதிரி சத்தம்! மனுசன் உழைச்சிட்டு வந்து தூங்க வேணாமா?"

"தூங்குங்கப்பா. ஞாயித்துக்கிழமை பகல் மட்டும் எனக்கு வேணும். சனி ராத்திரி ஓவர்டைம் வேணாம்னு சொல்லுங்க."

"ஒரு தடவ வேணாம்னு சொன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டான்."

"நான் வாயத் திறக்கலன்னா என்னையும்தான் யாரும் கூப்பிட மாட்டாங்க."

"வாய் நீளுது!"

"இப்பதாம்ப்பா நீளுது."

விட்ட வரியிலிருந்து தொடங்கினாள். அம்மா "மெதுவா, மெதுவா" என்று கையைக் காட்டினாள். அப்பா கையை ஓங்கினார். அவள் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டின் பின்பக்கம் போய்ப் படுத்தார். அடுத்த சனிக்கிழமை வேண்டாமென்று சொல்வாரா, தெரியாது. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. பொழுது சாயும்வரை வாசித்தாள்.

திங்கட்கிழமை தொண்டை கட்டியிருந்தது. இருந்தாலும் எழுந்து நின்றாள். கரகரத்த குரல் கடைசி வரிசையைத் தாண்டிப் பக்கத்து வகுப்புக்கே போனது. அங்கே யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"போதும், கேட்குது. உட்காரு," என்றார் டீச்சர்.

"இன்னும் ஒரு பத்தி இருக்கு, டீச்சர்," என்று சொல்லிவிட்டு, நின்றபடியே அதையும் வாசித்து முடித்தாள்.