டொபி கேட்டிராத குரல்

அருள்மலர் வளர்த்த பூனைக்குட்டி யார் மடிக்கும் போகும் என்பது அன்புவழிபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பேர்சியன் பூனை என்றால் அலுமாரிக்கு மேல் கிடந்து ஆளைக் கண்டதும் சீறும் என்று நினைப்பவர்கள் அவள் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கண் திறந்ததில் இருந்து குட்டிகளுக்குக் குசினியில்தான் வாசம். குக்கர் விசிலடிக்கும், மிக்ஸி அலறும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து வாலைப் பிடிப்பார்கள், குட்டிகள் அசையமாட்டா. நகம் வெட்டினால் கொட்டாவி விடும். "என்ர குட்டி ஒருத்தருக்கும் ஒளிக்காது. ஒளிச்சா நான் திருப்பி எடுப்பன்" என்று வாங்க வருபவர்களிடம் அடித்துச் சொல்வாள். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கொஞ்சம் தலைக்கனம்தான். இருந்தால் என்ன, உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

அந்தப் பெயருக்கு ஆபத்து மூதூரில் இருந்து ஓட்டோவில் வந்தது. லாபிர், மீன் ஏலம் கூறுபவர். கடற்கரையின் இந்த முனையில் நின்று கூறினால் அந்த முனையில் வலை பிரிப்பவன் நிமிர்ந்து பார்ப்பான். அந்த வீட்டு வழக்கப்படி அவர் கேற்றடியில் நிற்க, மனைவி அசனா மட்டும் உள்ளே வந்தாள். அந்த ஈற்றில் மிஞ்சியிருந்த ஒரே குட்டி டொபி, பால்தேத்தண்ணி நிறம். அசனா உட்கார்ந்ததுமே அவளுடைய மடியில் ஏறிவிட்டது.

"எனக்கில்ல தங்கச்சி, அவருக்குத்தான் பூனை" என்றாள் அசனா. "ஊட்டுல இவர் வாயத் துறந்தா பேத்தி அழுறா. அதால பேசாமலே திரியிறார். பாக்க ஏலாம இருக்கு."

அதைக் கேட்டபின் அவரை வெளியே நிற்க வைக்க மனம் வருமா? அருள்மலர் உள்ளே கூப்பிட்டாள். லாபிர் தரையில் உட்கார்ந்து, ஆனமட்டும் குரலைத் தாழ்த்தி, "வா வாப்பா" என்றார். அதுவே முழங்கியது.

டொபி வாலைப் புடைத்துக்கொண்டு அலுமாரிக்குக் கீழே பாய்ந்தது. கருவாட்டுத் துண்டு காட்டியும் வரவில்லை.

"பரவாயில்ல தங்கச்சி" என்று லாபிர் எழும்பினார். "எனக்கு இது பழகினதுதான்."

அருள்மலருக்கு முதலில் வந்தது கோபம். மனுசன் ஏன் இப்படி முழங்க வேண்டும்? பிறகு கேற்றைப் பார்த்தாள், பொட்டில் அடித்ததுபோல் விளங்கியது. கணவர் போனதில் இருந்து எந்த ஆணையும் அந்தக் கேற்றுக்கு உள்ளே அவள் விட்டதில்லை. தனியாக இருக்கிற பெண், சனம் நாலும் கதைக்கும் என்று காஸ் சிலிண்டரைக்கூட வெளியிலேயே இறக்கச் சொல்லி, தானே உருட்டிக்கொண்டு வருவாள். மனைவிமார் உள்ளே, கணவன்மார் மோட்டார் சைக்கிளோடு வெளியே. டொபி பிறந்த நாள் முதல் ஒரு ஆண்குரலைக் கேட்டதே இல்லை. இதற்கு முன் போன குட்டிகள் எத்தனை, எந்தெந்தக் கட்டிலுக்குக் கீழே கிடந்து பழகினவோ? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பிழை உங்களில இல்ல நானா, என்னில" என்றாள், அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டு. "டொபி உங்களுக்குத்தான். ஆனா இப்ப தரமாட்டன். உங்கட குரலை எனக்குப் போனில அனுப்புங்கோ."

முதல் குரல்பதிவு வந்தது. "டொபி, சாப்பிடு." இரகசியம் சொல்வதுபோல் இருந்தது. "இப்பிடிக் குசுகுசுத்தாச் சரிவராது, கடற்கரையில கூறுற மாதிரிக் கூறுங்கோ" என்று பதில் போட்டாள். அதன்பின் அவர் மீன் பேர்களை அடக்காமல் கூறினார். "பாரை வந்திருக்கு! சூடை துள்ளுது!" அவித்த கோழித் தட்டை வைத்துவிட்டு அதை மெல்லமாகப் போடுவாள், நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டினாள். டொபி முதலில் தட்டை விட்டு ஓடியது, பிறகு காதை மடித்துக்கொண்டு தின்றது, பிறகு குரல் கேட்டாலே தட்டுக்கு ஓடி வந்தது. லாபிரின் பதிவுகளும் நீண்டுகொண்டே போயின. பேத்திக்குப் பல் முளைத்தது, அசனாவின் முழங்கால் வலி, காற்று மாறியது, எல்லாம் டொபிக்குச் சொன்னார். மனுசன் இவ்வளவையும் எங்கே அடக்கி வைத்திருந்தாரோ.

ஒழுங்கைச் சனத்துக்குக் காது இல்லையா? நேரத்துக்கு நேரம் அருள்மலர் வீட்டில் ஆண்குரல். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டுச் சோபனா.

"அக்கா, வீட்டில ஆரோ நிக்கினம் போல?"

இத்தனை வருசம் எதற்குப் பயந்து கேற்றைச் சாத்தினாளோ, அது வேலியில் முகம் வைத்து நின்றது. போனை நிறுத்தலாம், நிறுத்தினால் டொபி மறுபடியும் அலுமாரிக்குக் கீழே.

"ஓம், லாபிர் நானா. மூண்டு நேரமும் வாறார்" என்றாள். "உமக்கும் கேக்கட்டும்" என்று போனைத் தூக்கி வேலிப்பக்கம் திருப்பினாள்.

லாபிரும் அசனாவும் மறுபடி வந்த அன்று வேலிக்கு வேலி தலைகள். அருள்மலர் கேற்றின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள், ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். லாபிர் தரையில் உட்கார்ந்தார். டொபி குசினி வாசலில் நின்று அவரையே பார்த்தது.

"பயமா இருக்கு தங்கச்சி" என்றார், உதடு மட்டும் அசைய.

"கூறுங்கோ நானா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பாரை வந்திருக்கு! சூடை துள்ளுது!" சோபனா வீட்டுக் கூரையில் இருந்த காகம் எழுந்து பறந்தது. டொபி ஓடி வந்தது. ஓடிய வேகத்திலேயே அவர் மடியில் ஏறி, சட்டையில் தலையைத் தேய்த்து, குறுகுறுவென்று சத்தம் போட்டது. லாபிர் கூறுவதை விட்டார். தாடி நனைய அப்படியே இருந்தார். அசனாவும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

வீடு அமைதியானது. டொபியின் குறுகுறுப்பு நின்றது. தலையை நிமிர்த்தி அவர் வாயைப் பார்த்தது; காதைப் பின்னுக்கு மடித்து, இறங்கி ஓட ஒரு காலைத் தூக்கியது.

"நிப்பாட்டாதேங்கோ நானா, கதையுங்கோ" என்றாள் அருள்மலர். "நீங்கள் பேசாம இருந்தாத்தான் அதுக்குப் பயம்."