பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

மூன்றாவது முறையாகத் திரைகள் உறைந்தபோது மணி பத்து இருபது. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் கூடத்தில் எட்டுப் பேர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேர் முன்னாலும் வரைபடம் அப்படியே நின்றது. எந்த வண்டி எங்கே ஓடுகிறது, எது பக்கத்தில் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. வெளியே விடியற்காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை.

மூன்றாவது மேசைக்காரிக்கு வானொலி என்று பட்டப்பெயர். அவள் பேசினால் வாசல்வரை கேட்கும். "ஐயா, லைனை வெச்சுடாதீங்க. அப்பா மூச்சு விடுறாரா பாருங்க. பள்ளித் தெருன்னா வடக்கா தெற்கா? சரி, மெதுவா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே ஒரு தாளில் பேனாவால் கிறுக்கினாள்.

கூடத்தின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மையத்தின் கணினி இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் மிஷின் அக்கா என்பார்கள். முதல் நான்கு வருடம் அவளும் வெளியே மேசையில் உட்கார்ந்து போன் எடுத்தவள்தான். திரை நின்றுபோனால் அந்த ஹெட்போனில் என்ன கேட்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் அவள் கொழுந்தன். மையத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனத்தில் வேலை. இந்தக் கணினி செத்தாலும் தகவல் பிழைத்திருக்க வேண்டும் என்று, எல்லாவற்றையும் இன்னொரு கணினிக்கு நகல் எடுத்து வைக்கும் நிரலைப் போன வாரம்தான் அவன் இங்கே பொருத்தியிருந்தான்.

மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ரீஸ்டார்ட் பண்ணிடுங்க."

"பண்ணினா இருபத்தஞ்சு நிமிஷம் கூடத்துல ஒண்ணுமே இருக்காது சார். மழை நாள் வேற. எனக்கு ஒரு பத்து நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிஷத்துல மறுபடி நின்னுடும்."

"நிக்கும்போதுதான் சார் பாக்கணும். ஓடுற நேரத்துல எதைப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கு."

அவர் கொழுந்தனை ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரம்வரைக்கும் இந்தத் தலைவலி இல்ல" என்றார். அவனிடம் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா தெரியாது. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரை மீண்டும் அசைந்தது. ஒன்றரை நிமிடம் நின்றிருக்கிறது. அடுத்தது பத்தரைக்கு.

அவள் கட்டளைச் சாளரத்தைத் திறந்தாள். கறுப்புத் திரை, ஒரு மூலையில் மினுக்கும் கோடு, அவ்வளவுதான். டைப்பெர்ஃப் என்று அடித்து, பின்னால் ஒரு கோடும் க்யூ என்ற எழுத்தும் சேர்த்தாள். கணினி தன்னைப் பற்றி எதையெல்லாம் அளந்து சொல்ல முடியுமோ, அத்தனையின் பெயரையும் அந்தக் கட்டளை கொட்டும். கொட்டியது. வரி வரியாக ஆயிரக்கணக்கில் மேலே ஓடிக்கொண்டே இருந்தது.

"இத்தனையில எதைன்னு தேடுவீங்க அண்ணி?" என்றான் கொழுந்தன். "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."

"மூணு போதும். மூளை எவ்ளோ வேலை செய்யுது, நினைவகம் எவ்ளோ மிச்சம் இருக்கு, டிஸ்க்குக்கு முன்னாடி எத்தனை வேலை வரிசையில நிக்குது."

மூன்று பெயர்களையும் பட்டியலிலிருந்து எடுத்து, நொடிக்கு ஒருமுறை காட்டச் சொன்னாள். எண்கள் இறங்கத் தொடங்கின. மூளை பன்னிரண்டு சதவீதம். நினைவகம் பாதிக்கு மேல் காலி. டிஸ்க் வரிசை பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.

பத்து இருபத்தொன்பது. அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது, மேசையும் கூடவே ஆடியது.

"காலை நிறுத்து" என்றாள்.

பத்தரை. வரிசை நான்கானது. அடுத்த நொடி பத்தொன்பது. அறுபது. நூற்று நாற்பது. மூளை அதே பன்னிரண்டில் சும்மா இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விசைப்பலகைச் சத்தம் சட்டென்று அடங்கி, "மேப் நின்னுடுச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

அவள் இன்னொரு சாளரத்தில் அடுத்த கட்டளையை அடித்தாள்: எந்த நிரல் நொடிக்கு எவ்வளவு படிக்கிறது. விரல் இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை பதில் வந்தது. எல்லா நிரல்களுக்கும் எதிரே சில்லறை எண்கள். ஒன்றுக்கு மட்டும் முந்நூறு எம்.பி. அது கொழுந்தனின் நகல் நிரல்.

அவனும் பார்த்துவிட்டான்.

"அண்ணி, மூணு வாரம் டெஸ்ட் பண்ணினேன். மாறின ஃபைலை மட்டும்தான் அது தொடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து, என்ன மாறிருக்குன்னு பாத்துட்டுப் படுத்துடும். சத்தியமா சொல்றேன்."

அவள் பதில் சொல்வதற்குள் மேலாளர் கதவருகே நின்று அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "உங்க டைரக்டர் லைன்ல இருக்கார். வாங்க."

அவன் போனான். வீட்டில் அத்தைக்கு என்ன சொல்வது, கணவருக்கு என்ன சொல்வது என்றுகூட அவள் மனம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மாறின கோப்பை மட்டும்தான் தொடும் என்கிறான். அப்படி எது மாறிக்கொண்டே இருக்கிறது? நகல் எடுக்கும் கோப்புறையைத் திறந்து, பெரிய கோப்பு முதலில் வரும்படி அடுக்கினாள்.

முதல் கோப்பு முப்பது ஜி.பி. இரண்டாவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் கோப்பின் பெயர் ஒரு தேதி. பன்னிரண்டு நாளுக்கு முந்தைய தேதி, அதன் பின்னால் அவள் பெயரின் முதல் இரண்டு எழுத்து.

அந்தப் பெயரை இரண்டு முறை படித்தாள்.

அன்றைக்குத் திரை கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று ஒரு புகார் வந்தது. இதே கட்டளையைக் கொடுத்து, கிடைக்கிற அளவுகள் எல்லாவற்றையும் நொடிக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதச் சொல்லிவிட்டு, சாளரத்தைக் கீழே இறக்கி வைத்தாள். சாயங்காலம் நிறுத்திவிடலாம் என்றிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல். நான்கு நாள் விடுப்பு. திரும்பி வந்தபோது அந்த நினைப்பே இல்லை. கோப்பு வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நொடிக்கு நொடி மாறுகிற கோப்பு. நகல் நிரல் ஒவ்வொரு முறை எழும்போதும் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அந்த வேலியை நட்டவளும் அவள்தான்.

இறக்கி வைத்த சாளரத்தை மேலே எடுத்தாள். இரண்டு விசை அழுத்தினாள். எழுதுவது நின்றது. கோப்பை நகல் எடுக்கும் கோப்புறைக்கு வெளியே நகர்த்தினாள்.

இன்னும் ஒரே ஒரு கட்டளை அடித்தால் கோப்பும் போய்விடும். அப்புறம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நகல் நிரலைக் கொஞ்சம் சரிசெய்தோம் என்று சொல்லிவிடலாம், கொழுந்தனே அதை நம்புவான். கண்ணாடி வழியே தெரிந்த மேலாளர் அறையில் அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். மேலாளர் மேசையைத் தட்டித் தட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாற்பது. வரிசை ஒன்று, பூஜ்யம், இரண்டு. வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. சரியாகிவிட்டது. இன்னொரு சுற்றும் பார்த்துவிட்டுச் சொல்லலாம், உறுதியாகத் தெரிய வேண்டாமா என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அழிக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

பத்து நாற்பத்தெட்டுக்கு வானொலி கதவைத் திறந்தாள். முதல்முறையாக அவள் குரல் தாழ்ந்து கேட்டது.

"அக்கா, அந்தப் பள்ளித் தெரு அப்பா. மேப் இல்லாம வண்டி வடக்குக்குப் போயிடுச்சு. அவங்க தெற்கு. ஏழு நிமிஷம் லேட்டு."

"உயிர் இருக்கா?"

"ஏத்தும்போது இருந்தது. அதுக்கப்புறம் நமக்கு யாரு சொல்றா?"

மிஷின் அக்கா எழுந்தாள். கூடத்தைக் கடந்து மேலாளர் அறைக்குப் போனாள். கொழுந்தன் அப்போதுதான் போனைக் கீழே வைத்திருந்தான்.

"சார், தப்பு இவன் நிரல்ல இல்ல. நான் பன்னிரண்டு நாள் முன்னாடி ஒரு கணக்கெடுப்பை ஓட விட்டுட்டு நிறுத்த மறந்துட்டேன். அந்த ஃபைலை அது படிச்சுப் படிச்சுத்தான் மேப் நின்னிருக்கு. இப்ப நிறுத்திட்டேன்."

"எப்ப கண்டுபிடிச்சீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"பத்து முப்பத்தஞ்சுக்கு."

"இப்ப மணி என்ன?"

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கொழுந்தன் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"கால் மணி நேரம் அண்ணி" என்றான். "கண்ணாடி வழியா பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

அவன் பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டான். மேலாளர் அவன் நிறுவனத்துக்குத் திரும்பப் போன் போட்டு, காலையில் சொன்னதை ஒவ்வொன்றாக விழுங்கினார். ஒருவரைத் திட்டிய வாயால் மன்னிப்புக் கேட்பது அவருக்குக் கசந்தது என்பது குரலிலேயே தெரிந்தது. மத்தியானம் அவளிடம் விளக்கக் கடிதம் கேட்டார். ஒரு மாதம் கணினி அறைக்கு வேறு ஆள், அவள் மேசையில் போன் எடுக்க வேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள். கடிதத்தில் எதையும் மழுப்பவில்லை. கோப்பின் பெயர், தேதி, தெரிந்தும் உட்கார்ந்திருந்த பதினைந்து நிமிடம், எல்லாம் எழுதினாள்.

இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணவர், "தம்பி போன் பண்ணினான்" என்றார்.

"என்ன சொன்னான்?"

"எவ்ளோ பெரிய ஃபைலா இருந்தாலும் கேக்காம படிக்குதாம் அவன் நிரல். அதுக்கு ஒரு வரம்பு வெக்கணுமாம். சனிக்கிழமை வர்றேன், அண்ணியும் கூட உக்காரணும்னான்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. ஏன்?"

அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. அவள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, காலை பத்து இருபதிலிருந்து தொடங்கி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.