சாக்லேட் தட்டை வெட்டியது யார்?

1

இந்தக் கதை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் பிறந்தது. பெரிய இடத்தில் பிறந்ததாகச் சொல்லத்தான் ஆசை. என்ன செய்ய, இருப்பது இதுதான்.

என் மனைவி அடுப்பில் வேகவைக்காமலே சாக்லேட் பார் செய்கிறாள். ஒரு தட்டில், அடியில் பொடித்த பிஸ்கட்டும் உருக்கிய வெண்ணெயும். டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்திச் சமமாக்குவாள். நடுவில் அடித்த கிரீம். மேலே உருக்கிய சாக்லேட். ஒவ்வொரு அடுக்கும் குளிர்ந்து இறுகிய பிறகே அடுத்த வேலை. (வேகாத பண்டம் என்றால் வேலையில்லாத பண்டம் என்று அவளிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குச் சாப்பாடு ஆறித்தான் வந்தது.)

இன்று மாலை காபிக்கடை முதலாளியம்மா ருசி பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் வாராவாரம் ஆர்டர். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடி பில் போட்டு, வசவும் வாங்கும் வேலையை இவள் விட்டுவிடலாம். அதற்காக ஏங்கிக் கிடக்கிறாள்.

2

முதல் வரைவு: ‘மூன்று அடுக்குகள், மூன்று காலங்கள். பிஸ்கட் என்பது நொறுங்கிய இறந்தகாலம். கிரீம் என்பது...’

கிரீம் என்பது கிரீம்தான். விடுங்கள்.

இரண்டாம் வரைவு: ‘மதியம் ஃபிரிட்ஜைத் திறந்தபோது தட்டிலிருந்த சாக்லேட் தானாகவே பிளந்து கிடந்தது. யாரோ கதவைச் சரியாக...’

மூன்றாம் வரைவு: ‘இனிப்பைக் கண்டால் கை சும்மா இருக்காத மாமியார்...’

ஆகா, இது பரவாயில்லை. மாமியார் என்று எழுதிவிட்டால் வாசகர் சாட்சி கேட்க மாட்டார். (இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம்தான். கதைக்கு உதவுகிறார், இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

என் மேசைமேல் கிடந்த தன் மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்த நிஜ மாமியார், அதை மாட்டிய கையோடு கணினித் திரையைப் படித்தும் விட்டார்.

“மாப்ளே! எனக்குச் சர்க்கரைன்னு ஊருக்கே தெரியும். நான் எங்க அதைத் தொட்டேன்? ஏண்டி, இங்க வந்து பாரு, உன் வீட்டுக்காரர் என்னைத் திருடியாக்கிட்டாரு!”

மனைவி ஈரக்கையோடு வந்தாள். படித்தாள். நேராக ஃபிரிட்ஜுக்குப் போனாள்.

தட்டின் நட்டநடுவில் ஒரு வெட்டு. சாக்லேட் ஒரு பக்கம் சரிந்து, கிரீம் பிதுங்கி, அதைத் தடவி மறைக்கப் பார்த்த கரண்டியின் தடமும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதைவிடச் சுலபம்.

“நீங்கதானே?”

“உள்ள அடுக்கு எப்படித் தெரியுதுன்னு... ஒரு வர்ணனைக்கு...”

“வர்ணனைக்கா? இன்னும் இறுகவே இல்லையேங்க அது! என்னைக் கேட்டிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேனே!”

“ஆக்கினவ பொறுத்தா, இவருக்கு ஆறப் பொறுக்கல” என்றார் மாமியார்.

4

முடிவு அ: முதலாளியம்மா சரிந்த துண்டை ருசித்து, கண் கலங்கி, மனைவியைக் கட்டிக்கொள்கிறார்.

“அப்படிக் கட்டிக்கிறவங்க கடை நடத்த மாட்டாங்க” என்றாள் மனைவி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

முடிவு ஆ: எழுத்தாளன் மனம் திருந்திப் புதிதாக ஒரு தட்டு...

“எப்போ இறுகும் அது? நீங்க ஒரே வரில இறுக வெச்சிருவீங்க. ஃபிரிட்ஜுக்கு அது தெரியாதே.”

முடிவு இ: அவள் அழுகிறாள்.

“அழல. பத்திக்கிட்டு வருது. அதை எழுதுங்க.”

எழுதிவிட்டேன். அவள் கத்தியைச் சுடுநீரில் நனைத்துத் துடைத்து, கொஞ்சமாவது இறுகியிருந்த ஓரத்திலிருந்து துண்டு போடத் தொடங்கினாள். முதல் துண்டு சாய்ந்தது. இரண்டாவது நின்றது. சாய்ந்ததை அவள் ஓரமாக ஒதுக்கிவைப்பதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அழைப்பு மணி அடிக்கிறது.

அன்புள்ள வாசகரே, முதலாளியம்மாவிடம் என்ன சொல்வது என்பதை உங்கள் பொறுப்பிலேயே விட்டு...

“யார் பொறுப்புல விடறீங்க?” என்றாள் மனைவி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “வெட்டினது அவங்களா? எழுந்து போய்க் கதவைத் திறங்க.”