மைக்செட் அமைச்சர் சொன்ன ‘வர்றேன்’

மாநிலத்துக்கு அவர் பொதுப்பணித் துறை அமைச்சர். தொகுதிக்கு மட்டும் இன்றைக்கும் ‘மைக்செட்’தான். அதில் அவருக்கு வருத்தம் ஏதும் கிடையாது. சொல்லப்போனால், ‘மாண்புமிகு’ என்று யாராவது ஆரம்பித்தால், பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் போல என்று திரும்பிப் பார்ப்பார்.

இளவயதில் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவதுதான் தொழில். ஒரு தேர்தல் கூட்டத்துக்கு வரவேண்டிய பெரிய தலைவரின் கார் வழியில் மக்கர் செய்துவிட்டது. கூட்டம் மெல்லக் கலைய ஆரம்பித்தது. நாற்காலி போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். ஆட்களை நிறுத்திவைப்போமே என்று, “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று தொடங்கியவர், தன் தெருக் குழாயில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று வரும் கதையைச் சொன்னார். அந்தக் குழாய் எப்படி இருமும், எப்படிச் செருமும், கடைசியில் எப்படி ஏமாற்றும் என்று வாயாலேயே சத்தம் எழுப்பிக் காட்டினார். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது, “அந்தக் குழாய்க்காரரே பேசட்டும்” என்று ஒரே கூச்சல்.

அடுத்த தேர்தலில் நகரசபை, பிறகு சட்டமன்றம், பிறகு குடிநீர்த் துறை, பிறகு பொதுப்பணி. குழாயில் காற்று போய்த் தண்ணீர் வந்தது. தலையில் முடி போய் வழுக்கை வந்தது. இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று மேடையில் சொல்வார்.

இத்தனை வருடமும் அவர் மனைவி தையல் மெஷினை விடவில்லை. அமைச்சர் பங்களாவுக்குக் குடிபோன பிறகும், முன்னறையில் மனு கொடுக்க வந்தவர்கள், பின்னறையில் அளவு கொடுக்க வந்தவர்கள் என்று வீடு எப்போதும் கல்யாணக் கூடம்தான். அளவு கொடுக்க வந்தவர்கள் போய்விடுவார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் போகமாட்டார்கள். ஒருநாள் அவள் சாப்பிட உட்கார்ந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் வந்து, “அம்மா, உப்பு கொஞ்சம் தள்ளுங்க” என்று எதிரே உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் பேச்சு வந்தது.

“என்னங்க, இந்த வீட்ல பூட்டுற கதவுன்னு ஒண்ணு இருக்கா? பாத்ரூமைத் தவிர?”

“இந்தத் தடவையோட சரி. அடுத்த தேர்தல்ல நான் நிக்கல. போதுமா?”

“என் தலைமேல கை வெச்சுச் சொல்லுங்க.”

சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். முழங்கால் வலி இருந்தது, பேரும் கெடாமல் இருந்தது. இறங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நகர மண்டபத்தில் பிரியாவிடைக் கூட்டம். பள்ளிக்கூட வாத்தியார், தன் டிரைவர், கூட்டம் தவறாமல் வந்து மேடைக்கடியில் படுக்கும் நாய் என்று எல்லோருக்கும் நன்றி சொன்னார். மனைவிக்கும் சொன்னார். முன்வரிசையில் அவள் மூக்கை உறிஞ்சினாள். கடைசியில் கைகூப்பினார்.

“அப்ப, நான் போயிட்டு வர்றேன்.”

விசில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில், ‘மீண்டும் வருவேன்! மைக்செட் சூளுரை.’

மனைவி பேப்பரைக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன இது?”

“வாய் தவறி வந்துடுச்சு. கிளம்புறப்ப மனுஷன் வேற எப்படிச் சொல்லுவான்?”

“தவறினது வாயா, மனசா?”

“சத்தியமா வாய்தான்.”

“அப்ப அந்த வாயாலயே மாத்திச் சொல்லுங்க.” கத்தரிக்கோலையும் இரண்டு புடவைகளையும் பையில் போட்டுக்கொண்டாள். “நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.”

‘வர்றேன்’ என்ற மீதிப் பாதிக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை. கதவு சாத்தும் சத்தம்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து, எவ்வளவு கோபத்திலும், முக்குக் கடைக்குக்கூட அவள் ‘போறேன்’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போனதில்லை. சண்டையின் நடுவே வாசலில் திரும்பி, “போயிட்டு வந்து வெச்சுக்கிறேன்” என்றாவது சொல்வாள்.

அன்று மதியமே நிருபர்களைக் கூப்பிட்டார். “எழுதிக்கோங்க. நான் அரசியலை விட்டுப் போறேன்.”

“ஐயோ, ஏன் சார் வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்றீங்க?” என்றார் ஒரு மூத்த நிருபர். “‘விலகுறேன்’னு போட்டுக்கட்டுமா?”

“எதையாவது போடுங்க. ஆள் இல்லன்னு தெரிஞ்சா போதும்.”

போட்டார்கள். ‘விலகுவதாக மிரட்டல்! பெரிய பதவிக்குக் குறியா?’ என்று. கட்சித் தலைவர் போனில் பிடித்துக்கொண்டார். “துணை முதல்வர் ஆகணும்னா என்கிட்ட நேரா கேட்க வேண்டியதுதானேய்யா? பேப்பர் மூலமா எதுக்குக் கேட்குற?”

மச்சினிச்சி வீட்டுக்குப் போன் போட்டார். மச்சினிச்சிதான் எடுத்தாள்.

“மாமா, அக்கா தைச்சுக்கிட்டிருக்கா. பேப்பர் பார்த்தா. சிரிச்சா.”

“சிரிச்சாளா? அப்பாடா!”

“நல்ல சிரிப்பு இல்ல மாமா.”

அவர் போனை வைத்தபோது பம்பு அக்கா உள்ளே வந்தாள். நீரேற்று நிலையத்தில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தவள். தொகுதி அலுவலகத்தை வருடக்கணக்காக அவள்தான் கட்டி இழுக்கிறாள். எந்தத் தெருவில் எந்தச் சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்று அமைச்சருக்குத் தெரிவது அவள் சொல்லித்தான்.

“அண்ணே, நிஜமாவே நிக்கலையா?”

“எத்தனை தடவை சொல்றது? நிக்கல.”

“சரி. அப்ப யார் நிக்கிறது?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூட்டத்துக்கு வந்த நாய்க்கு நன்றி சொன்ன வாய், இவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்து போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை. பஸ்ஸில் சீட்டு மேல் துண்டைப் போட்டுவிட்டு, ‘நான் இறங்கிட்டேன்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். துண்டு கிடக்கிற சீட்டில் யார் உட்காருவார்கள்?

வாயா, மனசா என்று மனைவி கேட்டது சும்மா இல்லை.

“நீ நிக்கிறியாம்மா?”

“நீங்க கேட்கவே இல்லையேண்ணே. கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்படி வர்றது?”

“இப்பக் கேட்குறேன்.”

“கேட்குற முகமா இது? பல்லு புடுங்குறப்ப உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு.”

“முகம் போகப் போகச் சரியாயிடும். நிக்கிறியா இல்லையா?”

“நிக்கிறேன்” என்றாள் அவள், மறுபேச்சில்லாமல். அந்த வேகம் அவரைக் கொஞ்சம் சுருக்கென்று குத்தியது. இவள் ரொம்ப நாளாகத் தயாராகத்தான் இருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்சி மண்டபம் நிரம்பி வழிந்தது. வேட்பாளர் பெயர் அறிவிக்கும் கூட்டம். அமைச்சர் எழுந்தார். இந்த முறை தன்னைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை. “நம்ம தொகுதிக்கு அடுத்து இவங்க வர்றாங்க” என்று பம்பு அக்காவை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “மைக்செட்டு! நீ எங்க வேணா போயிட்டு வா. ஆனா எலெக்‌ஷனுக்கு வந்துடணும்!”

“கண்டிப்பா வருவேன் பெரியவரே! உங்களுக்குப் பின்னாடி வரிசையில நின்னு இவங்களுக்கு ஓட்டுப் போடுவேன். நீங்க முன்னாடி தூங்கிடாதீங்க, எனக்கு முழங்கால் வலி!”

மண்டபம் குலுங்கியது. பெரியவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ‘வருவேன்’ என்ற வார்த்தை முதல்முறையாகச் சரியான இடத்தில் போய் விழுந்தது.

பம்பு அக்கா பேச வந்தாள். முதலில் திக்கினாள். பிறகு அவளுக்குத் தெரிந்த விஷயத்துக்கு வந்தாள். “அண்ணன் பெரிய மேம்பாலம் கட்டினாரு. ஆனா இறங்குற படியைச் சந்தைப் பக்கம் வைக்காம சுடுகாட்டுப் பக்கம் வெச்சுட்டாரு. காய்கறி வாங்கப் போறவங்க சுடுகாட்டை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போறோம். நான் ஜெயிச்சா முதல் வேலை, சந்தைப் பக்கம் ஒரு படி.”

கைதட்டல் அடங்க நேரமானது. கட்சிச் செயலாளர் திருதிருவென்று அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் எச்சிலை விழுங்கினார். அப்புறம் தொந்தி அசையச் சிரித்தார்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண்மணி அடைத்துக்கொண்ட சாக்கடையைப் பற்றி உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பழக்க தோஷத்தில் அமைச்சர் காதைக் கொடுத்தார். அந்தப் பெண்மணி, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்” என்று அவரை ஒதுக்கிவிட்டு பம்பு அக்காவிடம் போனார். நெஞ்சில் ஏதோ தட்டியது. தெருமுனை தாண்டுவதற்குள் அது போய், கை வீசி நடக்கிற சுகம் வந்திருந்தது.

மச்சினிச்சி வீட்டு ஜன்னலோரம் மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பாலத்துப் படியைப் பத்தி அவ சொன்னப்ப சிரிச்சீங்களாமே?”

“அதுக்குள்ள யார் சொன்னது?”

“அவளேதான் போன் பண்ணா. உடனே சிரிச்சீங்களா?”

“கொஞ்சம் லேட்டாச்சு.”

அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவரை நன்றாகப் பார்த்தாள். “உடனேன்னு சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் நாலு நாள் இங்கயே இருந்திருப்பேன். காபி குடிக்கிறீங்களா?”

“குடு. வீட்டுக்கு எப்பக் கிளம்பலாம்?”

“வெயில் தாழட்டும்.”

மேஜையில் அவர் போன் அதிர்ந்தது. கட்சிச் செயலாளர். அவர் எடுக்கப் போனார், அவள் முந்திக்கொண்டாள்.

“அவரு தூங்குறாரு.”

“பகல்லயாம்மா?”

“ஆமா, பகல்லதான். ஏதாவதுன்னா அந்தப் பொண்ணுகிட்டப் பேசுங்க.” போனை அணைத்துத் துணிக் குவியலுக்குள் செருகினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “என்னைப் பொய் சொல்ல வெக்காதீங்க. போய்ப் படுங்க.”

ஜன்னலோரக் கட்டிலில் படுத்தார். கார் பின்சீட்டில் தவிர வேறெங்கும் பகலில் கண்ணயர்ந்து அறியாதவர். தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. காபி வருவதற்குள் தூங்கிப்போனார்.