தேன்சிட்டுக்கு மூன்றாவது பொருள்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, காதில் விழுந்தது. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் போனில் சொன்னாள்: "அம்மா, இன்னிக்கும் ஒரு சீட்டு வந்திருக்கு. அவ பேருக்கு." மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பதிலை இனி நான்தான் எழுதியாக வேண்டும்.

'தேன்சிட்டு என்பது கட்டைவிரல் அளவே உள்ள, பாடும்...' வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.

2

அந்தப் பெண்ணை ஓர் அகராதி அலுவலகத்தில் உட்கார வைக்கிறேன். ஒரு சொல்லுக்குத் தங்களுக்குத் தெரிந்த பொருளை எழுதி வாசகர்கள் தபாலில் அனுப்பும் சீட்டுகளைச் சொல்வாரியாக அடுக்குவது அவள் வேலை. மூன்று பேர் தனித்தனியாக எழுதி அனுப்பினால்தான் ஒரு பொருள் அச்சேறும். தேன்சிட்டின் பெட்டியில் முதல் பொருள், பறவை. இரண்டாவது, துறுதுறுவென்று திரியும் ஒல்லிப் பெண். மூன்றாவதை அவளே எழுதிப் போட்டாள்: 'எங்கள் வீட்டில் என் தங்கையின் பெயர்.'

(தங்கை ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை.)

பதிப்பாசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏம்மா, இது அகராதியா, உங்க வீட்டு ஆல்பமா?"

"மூணு சீட்டு சேர்ந்தா போடலாம்னு நீங்கதானே சார் சொல்வீங்க."

"சேரட்டும், பாக்கலாம்." சேராது என்று அவருக்குத் தெரியும்.

3

இரண்டே நாளில் இன்னொரு சீட்டு வந்தது. பென்சிலில், குண்டு குண்டாக, கோணல்மாணலாக: 'அக்கா வேலைக்குப் போனதும் அம்மா பக்கத்தில் வந்து உட்காருபவள்.' மறுநாள் மூன்றாவது சீட்டு. எழுத்து அம்மாவுடையது: 'எனக்குத் துணை.'

(பல்வலியை இங்கே எங்கே சொருகுவது? விட்டுவிட்டேன்.)

"அம்மா, இன்னிக்கும் ஒரு சீட்டு வந்திருக்கு. அவ பேருக்கு."

"நான் போட்டதுதாண்டி."

"அப்போ நேத்து வந்ததும் நீதானே? கோழி கிண்டின மாதிரி எழுதி என்னை ஏமாத்தறியா?"

"அது அவளே எழுதினா. தபால்தலைய மட்டும் நான் ஒட்டினேன், அவளுக்கு எச்சில் இல்ல."

4

பதிப்பாசிரியர் மூன்று சீட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூணு கை, மூணு எழுத்து. சரி, அச்சுக்குப் போகட்டும். ஆமா, தங்கச்சி இருக்காங்களா?"

அவள் பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள்.

"இல்லேன்னா சீட்டுல 'வழக்கொழிந்தது'ன்னு முத்திரை குத்தணுமே. இருபது வருஷமா இதே வேலை பாக்கறே, இத எப்படிம்மா மறந்தே?"

அவள் ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி எடுத்தாள். போன் அடித்தது. அம்மா.

"இங்க இவ ஓன்னு அழறாடி. நீ கையில என்ன வச்சிருக்கே?"

5

இப்படி முடிக்கலாம்: அவள் குத்திவிடுகிறாள். மாலை வீட்டில் அம்மா மட்டும், பக்கத்து நாற்காலியைத் தடவிக்கொண்டு... (இந்த அம்மாவை எழுத எனக்குத் தெம்பில்லை.)

அல்லது, அவள் குத்தவில்லை. தேன்சிட்டு ஊரெல்லாம் அச்சாகிப் போகிறது. மாலையில் அவள் வீட்டு மணியை அடிக்கிறாள். தாழ்ப்பாளை எட்டிப் பிடிக்க, உள்ளே யாரோ எம்பி எம்பிக் குதிக்கும் சத்தம். கதவைத் திறந்தது...

அச்சகத்து ஆள் அலுவலக வாசலில் நிற்கிறார். மை காய்கிறது. குத்தட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், போனை இன்னும் யாரும் வைக்கவில்லை.