ஒத்தைச் சீட்டு போதும்

சீட்டக்காவிடம் யார் வந்து உட்கார்ந்தாலும் அவள் முதலில் சீட்டைத் தொட மாட்டாள். கேள்வி எவ்வளவு பெரியது என்றுதான் பார்ப்பாள். சலவைக்கடை மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, குறி பார்க்க எழுபத்தெட்டு டாரட் சீட்டு. அவ்வளவுதான் அவள் தொழில். "இன்னிக்கு நாள் எப்படிப் போகும்?" என்று கேட்டால் ஒரே சீட்டு. "இந்த வேலைக்குப் போகலாமா வேண்டாமா?" என்றால் மூன்று: இப்போதைய நிலை ஒன்று, குறுக்கே நிற்பது ஒன்று, செய்ய வேண்டியது ஒன்று. புருஷன் பெண்டாட்டி விவகாரத்துக்கு ஐந்து. பத்துச் சீட்டு விரிப்பு என்பது வாழ்க்கையே ஆட்டம் கண்டு வருகிறவர்களுக்கு மட்டும். ஜலதோஷத்துக்கு வந்தவனை யாராவது ஆபரேஷன் மேசையில் படுக்க வைப்பார்களா என்ன?

இந்த நியாயத்தைக் காதிலேயே வாங்காத ஒரே ஜென்மம் அவளுடைய தங்கச்சி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. கியரையே கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிற மாணவர்களிடம்கூடப் பொறுமையாக இருப்பாள். அக்காவின் அறைக்குள் நுழைந்தால் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது.

"ஜன்னலுக்குப் பச்சைத் துணியா, நீலத் துணியா? பத்துச் சீட்டு போடு."

"ஏன்டி, மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கணுமா?"

"எலியும் பிடிபடணும்ல? போடு."

அப்பேர்ப்பட்டவள் மூன்று வாரமாக வருகிறாள், ஒத்தைச் சீட்டு போதும் என்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கீழே இறங்கிப்போய்ச் சலவைக்கடைக்காரரிடமே சொல்லிவிட்டாள். "என் தங்கச்சிக்குப் புத்தி வந்துடுச்சு அண்ணே!"

"உங்க வீட்டுல ஒருத்தருக்காவது வந்துச்சே, சந்தோஷம்" என்றார் அவர், இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலாவது வாரம் மத்தியானம் தங்கச்சி வந்தாள். சீட்டுக் கட்டைக் கலைத்தாள். ஒன்றை உருவினாள். அதைத் திருப்பிப் பார்க்காமலே கட்டுக்குள் செருகிவிட்டு எழுந்தாள்.

"நல்லா இருக்கு. வரேன்கா."

"நில்லுடி. என்ன நல்லா இருக்கு? நீ சீட்டைப் பாக்கவே இல்லையே!"

தங்கச்சி கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றாள். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடி மண்டு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சின்ன விரிப்பு கேட்டால் சின்னக் கவலை என்றல்லவா நினைத்துவிட்டாள்! இவள் இத்தனை நாளும் சீட்டுக்காக வரவில்லை, பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காரத்தான் வந்திருக்கிறாள்.

"உக்காரு. என்னன்னு சொல்லு."

"கழுத்துல ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு ரிசல்ட்."

"பாவி! மூணு வாரமா? என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ பத்துச் சீட்டு விரிப்பே. விரிச்சா உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும். அம்மாவுக்கு விரிச்ச அன்னிக்குப் பாத்தேனே. மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. அப்புறம் ரெண்டு மாசத்துல அம்மா போயிட்டா. அந்த மூஞ்சிய இன்னொரு தடவை என்னால பாக்க முடியாதுக்கா."

அக்காவுக்கு உள்ளங்கை அரித்தது. பத்துச் சீட்டை விரி, விரி என்று விரலெல்லாம் துடித்தது. சீட்டுக் கட்டை எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

"கிளம்பு. நானும் வரேன்."

தங்கச்சியின் பயிற்சிக் காரில் இடப்பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுக்கிறவள் மிதிப்பதற்கு. அங்கே அக்கா உட்கார்ந்தாள். முதல் திருப்பத்திலேயே பயத்தில் அதை ஓங்கி மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே அர்ச்சனை செய்தான்.

"கால எடு! ஆஸ்பத்திரிக்குள்ள நடந்து போகணும், ஆம்புலன்ஸ்ல இல்ல!"

காலை மடக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்ட பிறகுதான் அக்காவுக்கு வாய் வந்தது.

"அன்னிக்கு அம்மாவுக்குச் சீட்டு நல்லாத்தான்டி விழுந்துச்சு. நான் சீட்டைப் பாத்து மூஞ்சி சுருங்கல. ஒரு சீட்டை எடுத்து வைக்க அம்மாவால முடியல. கை அவ்வளவு நடுங்குச்சு. வலிய அடக்கிக்கிட்டுச் சிரிச்சா. அதைப் பாத்துத்தான்."

தங்கச்சி சாலையைப் பார்த்தே ஓட்டினாள். "இத்தனை வருஷமா சொல்லலையே நீ" என்றாள்.

"நீயும்தான் கேக்கல."

ஆஸ்பத்திரியில் நாலரை மணிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். உதட்டைக் கடித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பெருமூச்சு விட்டாள். தங்கச்சியின் நகம் அக்காவின் மணிக்கட்டில் பதிந்தது. "போச்சுக்கா" என்று முனகினாள். ஊர் மூஞ்சியையெல்லாம் படிக்கிற அக்காவுக்கும் அந்த மூஞ்சியில் கெட்டதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"இது ஒண்ணு, பாஸ்வேர்டைப் போட்டாலும் திறக்காது" என்றாள் டாக்டரம்மா. மறுபடி தட்டினாள். "ம், வந்துடுச்சு. கெட்ட கட்டி இல்லம்மா. சாதாரண வீக்கம்தான். ஆறு மாசம் கழிச்சு எதுக்கும் ஒரு தடவை ஊசி குத்திப் பாத்துடலாம். பயப்பட ஒண்ணுமில்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

சொன்னாள். தங்கச்சி மூன்றாம் தடவையும் கேட்டாள். அந்தப் புண்ணியவதி அலுக்காமல் அதையும் சொன்னாள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் தங்கச்சியால் சாவியைப் போட முடியவில்லை. "நீ ஓட்டு" என்றாள். "எனக்குப் பிரேக் மட்டும்தான்டி தெரியும்" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். அப்பாடா, மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

அப்புறம் தங்கச்சி வாயைத் திறந்தாள். குளிக்கும்போது கட்டி கையில் பட்டது, வகுப்புக்கு நடுவில் மாணவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதது, எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அவளைப் பொறுத்தவரை அது உலக அதிசயம். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஊசி குத்தினப்போ யாரு கூட இருந்தா?"

"யாரும் இல்ல. கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டேன்."

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அக்கா அழுதுவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சியின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு நீ வருவியாக்கா?"

"வரேன்டி" என்றாள் அக்கா. "கம்பி இருக்கிற பக்கம் நான் நின்னுக்கிறேன்."